பெண்ணுக்குப் பஞ்சம் வந்தால் மதிப்பு வந்துவிடுமா?

ஓர் அண்டா நிறையப் பால். அதன் முன்னே ஒரு தகப்பன் நிற்கிறான். அவன் கையிலே அப்போதுதான் பிறந்த பச்சைக் குழந்தை. பெண் குழந்தை. அடுத்த தடவையாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே அந்தக் குழந்தையைப் பாலுக்குள் அமுக்குகிறான். பால் கொஞ்சம் தளும்புகிறது. பிறகு அசைவு இல்லை.

'மாத்ருபூமி' என்ற இந்திப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. மணீஷ் ஜா எழுதி இயக்கிய இந்தப் படம் 2003ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, சர்வதேச விமர்சகர் சங்கத்தின் பரிசையும் பெற்றது. நம் நாட்டுக் கொட்டகைகளுக்கு 2005இல்தான் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. நம் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்து இருபது ஆண்டு ஆன படத்தைப் பற்றி இன்றைக்கு என்ன தலையங்கம் என்று தோழர்கள் கேட்கலாம். படத்துக்கு வயதாகிவிட்டது. படம் சொல்லும் விஷயத்துக்கு வயதாகவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வட இந்தியாவிலே ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாகப் பெண் சிசுக்களைக் கொன்று கொன்று, கடைசியில் அந்த ஊரில் பெண் என்று பெயர் சொல்ல ஒருத்தியும் இல்லை. வயது வந்த ஆண்கள் மிருகங்களைப் போல அலைகிறார்கள். பையன்களுக்குச் சேலை கட்டி ஆடவிட்டு வாய்பிளந்து பார்க்கிறார்கள். ஊரிலே பெரிய பணக்காரன் ராம்சரண். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்து பேருக்கும் பெண் கிடைக்கவில்லை. ஊர்ப் புரோகிதர் ஒருநாள் தற்செயலாக ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறார். அவள் பெயர் கல்கி. வெளியே தெரியாமல் தகப்பன் ஒளித்து வளர்த்த பெண். லட்சக்கணக்கான ரூபாயை எண்ணிக் கொடுத்து அவளை வாங்குகிறான் ராம்சரண். ஒரே பந்தலில் ஐந்து பிள்ளைகளுக்கும் அவளைக் கட்டி வைக்கிறான். வாரத்து இரவுகளைப் பங்கு போடுகிறார்கள். பணம் போட்டவன் நான்தானே என்று மாமனாரும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான்!

ஐவரில் கடைக்குட்டி ஒருவன்தான் அவளை மனுஷியாக நடத்துகிறான். பொறாமை பொறுக்காத அண்ணன்மார் அவனைத் தீர்த்துக் கட்டுகிறார்கள். கல்கி தன் தகப்பனுக்குச் செய்தி அனுப்புகிறாள். தகப்பன் வருகிறான். மகளை மீட்டுப் போகவா வருகிறான்? ஐந்து பேருக்கென்று பேசிய விலைதானே அது, ஆறாவது ஆளுக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டு, மேல்தொகையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போகிறான். வீட்டிலே வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன் ஒருவன் இரக்கப்பட்டு அவளை ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். அவன் உயிர் போகிறது. அவள் மாட்டுக் கொட்டிலில் சங்கிலியால் கட்டப்படுகிறாள். அதன்பின் அந்தப் பையனின் சாதியாரும் பழிவாங்குவதாக நினைத்து அதே பெண்ணின் மீதுதான் பாய்கிறார்கள். அவள் கர்ப்பமாகிறாள். பிள்ளைக்கு நானே தகப்பன் என்று ஆளுக்கு ஆள் கத்தியைத் தூக்க, சாதிச் சண்டை மூண்டு ஊரே வெட்டிக்கொண்டு சாகிறது.

மிகையாகச் சொல்கிறார்கள் என்று நகரத்து விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். மிகைதான். ஆனால் படத்திலே ஒரு காரியம் பிசகின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. தகப்பன் மேல்தொகை கேட்டு நிற்கும் அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை நம் தோழர்கள் பார்க்கவேண்டும்.

படித்த கனவான்கள் சிலர் நெடுங்காலமாக ஒரு வாதம் பேசி வருகிறார்கள். சந்தையில் சரக்கு குறைந்தால் விலை ஏறும். அதுபோல, பெண்கள் எண்ணிக்கை குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு ஏறும், வரதட்சணை தானாக ஒழியும், மாப்பிள்ளை வீட்டான் பெண் வீட்டுத் திண்ணையில் வந்து காத்துக் கிடப்பான், ஆகையால் யாரும் கவலைப்பட வேண்டாம் என்பது அந்த வாதம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! பஞ்ச காலத்தில் அரிசி விலை ஏறியதே, அரிசிக்கு மரியாதை கூடியதா? பதுக்கினார்கள், பூட்டினார்கள், கள்ள மார்க்கெட்டில் விற்றார்கள். விலை ஏறியதால் லாபம் அரிசிக்கா வந்தது? மூட்டையை வைத்திருந்தவனுக்கு வந்தது. கல்கிக்கு நேர்ந்ததும் இதுதான். அவள் விலை ஏறியது. பணம் தகப்பன் மடிக்குப் போயிற்று. சங்கிலி அவள் காலுக்கு வந்தது.

இது வெறும் சினிமாக் கற்பனையா? இல்லை. ஹரியானாவைப் பாருங்கள்.

இயற்கையாக விட்டுவிட்டால் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறக்கும். இது உலகெங்கும் கண்ட கணக்கு. ஹரியானாவில் 2001ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 819 பெண்கள்தான் இருந்தார்கள். பஞ்சாபில் இன்னும் மோசம், 798. 2011இல் இந்த எண்கள் 834, 846 என்று கொஞ்சம் ஏறின. அப்படி ஏறியும் தேசம் முழுவதற்குமான எண் இறங்கிற்று. 1961இல் 976. 1991இல் 945. 2001இல் 927. 2011இல் 919. கிராமத்து அறியாமைதான் காரணம் என்று யாராவது சொன்னால், அதே 2011 கணக்கில் கிராமங்களில் 923, நகரங்களில் 905 என்று இருப்பதை எடுத்துக் காட்டுங்கள். படித்தவர்கள், காசுள்ளவர்கள், ஸ்கேன் எந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் அதிகமாக அழித்திருக்கிறார்கள். 2021இல் எடுத்திருக்கவேண்டிய கணக்கோ தள்ளிப் போடப்பட்டது.

ஹரியானாவின் வளமான கோதுமை ஜில்லாக்களில் நிலமுள்ள குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? அஸ்ஸாமிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்கண்டிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் தரகன் வைத்துப் பெண்களைக் கொண்டு வந்தார்கள். இப்படி வந்தவர்களுக்கு அங்கே 'மோல்கி' என்று பெயர். விலைக்கு வாங்கப்பட்டவள் என்று பொருள். 'பாரோ' என்றும் சொல்வார்கள். மொழி தெரியாது. சொந்தம் கிடையாது. விடிவதற்கு முன்னே எழுந்து சாணி அள்ளவேண்டும், எருமை கறக்கவேண்டும், வயலுக்குப் போகவேண்டும், பிள்ளையும் பெற்றுத் தரவேண்டும். அதுவும் ஆண் பிள்ளை! கட்டியவன் இறந்துவிட்டால் நிலத்தில் ஒரு குழி பங்குகூடக் கொடுக்காமல் விரட்டப்பட்டவர்கள் உண்டு. மறு கை மாற்றி விற்கப்பட்டவர்களும் உண்டு. 2014ஆம் ஆண்டு தேர்தல் நெருங்கிய நேரத்தில், ஹரியானாவில் ஒரு பெரிய கட்சியின் தலைவர் மேடையேறி, எங்கள் ஆட்சி வந்தால் இங்குள்ள இளைஞர்களுக்குப் பீகாரிலிருந்து பெண் கொண்டுவந்து தருவோம் என்று பேசினார். ரேஷன் கடைக்குச் சர்க்கரை கொண்டுவருவதாகச் சொல்வதுபோல!

இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். இப்படி விற்கப்பட்டவர்கள் யார் வீட்டுப் பெண்கள்? வெள்ளத்தில் குடிசை போனவன் மகள். நிலமில்லாத கூலிக்காரன் மகள். நாலு பெண் பெற்று, ஒன்றுக்கும் சீர் செய்ய வழியில்லாமல், வரதட்சணை வேண்டாம், செலவும் நாங்களே செய்கிறோம் என்று வந்தவனிடம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியவன் மகள். நிலமுள்ளவன் தன் பெண்ணைக் கருவிலேயே அழித்தான். தன் பிள்ளைக்கு வேண்டும் என்றபோது நிலமில்லாதவன் பெண்ணை விலைக்கு வாங்கினான். ஆண், பெண் கணக்கு என்று நாம் பேசுவதற்குள்ளே இப்படி ஒரு வர்க்கக் கணக்கும் இருக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் வியாபாரம் வடக்கே ஆரம்பித்தபோது, இன்றைக்குச் சில நூறு ரூபாய் செலவழித்தால் நாளைக்கு லட்சக்கணக்கில் மிச்சம் என்று பகிரங்கமாக விளம்பரம் செய்தார்கள். பெண்கள் இயக்கங்கள் போராடி, முதலில் மகாராஷ்டிரத்தில் 1988இலும், பிறகு தேசம் முழுவதற்குமாக 1994இலும் இதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். 1996இல் அது அமலுக்கு வந்தது. காகிதத்தில் தூங்கிற்று. 2000ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்குப் போக வேண்டியிருந்தது. 2003இல் சட்டம் திருத்திக் கடுமையாக்கப்பட்டது. ஹரியானாவில் பல்வல் என்ற ஊரில் ஒரு டாக்டருக்கு இரண்டாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது 2006இல். சட்டம் அமலாகிப் பத்து வருஷம் ஆகி, ஒரு டாக்டர் சிறைக்குப் போவதே பெரிய செய்தியாக இருந்தது! ஒன்றை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. வேண்டாத கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. அது அவளுக்கு வேண்டிய வழி, அதில் கை வைக்கக் கூடாது. பெண் என்பதற்காகவே அழிக்கும்படி மாமியாரும் புருஷனும் அவளை இழுத்துப் போவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

காரணம் என்ன? பாவம் என்கிறார் சாமியார். கெட்ட மனசு என்கிறார் வாத்தியார். கெட்ட மனசு ஹரியானாவில் மட்டும் அதிகமாகவும் கேரளத்தில் குறைவாகவும் விளைவானேன்?

பொருளாதார அறிஞர் பிரணாப் பர்தன் 1974ஆம் ஆண்டு ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டினார். நெல் விளையும் தெற்கிலும் கிழக்கிலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண் கை வேண்டும். கோதுமை விளையும் வடமேற்கில் வயலில் பெண்ணுக்கு வேலை குறைவு. எங்கே பெண்ணுக்கு வயலில் வேலை இருக்கிறதோ அங்கே பெண் குழந்தை பிழைத்திருக்கிறது. எங்கே அவள் உழைப்புக்குக் கூலி என்று ஒன்று இல்லையோ அங்கே அவள் செலவாக எண்ணப்படுகிறாள் என்றார். எல்லாவற்றையும் இந்த ஒரே காரணம் விளக்கிவிடாது. நிலம் ஆண் வாரிசுக்கே போகவேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. வரதட்சணை இருக்கிறது. கொள்ளி போடப் பிள்ளை வேண்டும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் நாற்றங்காலில் முதுகு வளைந்து நிற்கும் நம் விவசாயத் தொழிலாளித் தாய்மார்களுக்கு அந்த அறிஞர் சொன்னது புரியும். நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்து பெண்ணின் வேலை நாட்களைத் தின்றுவரும் இந்தக் காலத்தில் இன்னும் நன்றாகவே புரியும். சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976இலேயே சட்டம் வந்தது. எந்தக் களத்துமேட்டில் அதை அளந்து போட்டார்கள்?

வடக்கத்திக் கதை நமக்கு எதற்கு என்று சொல்லி நாம் தப்ப முடியாது. 1986ஆம் ஆண்டு உசிலம்பட்டிப் பக்கத்துச் சிசுக்கொலை தேசமெங்கும் செய்தியானது. கள்ளிப்பாலும் நெல்மணியும் என்ன செய்யும் என்று அதுவரை ஊருக்குள் மட்டும் தெரிந்திருந்தது. பிறகு உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள். 1959இல் வைகை அணை திறந்து, தண்ணீர் வந்து, பணப்பயிர் வந்து, சிலர் கையில் காசு புரண்ட பிறகு பரிசம் போயிற்று, வரதட்சணை வந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் வந்ததில் தப்பில்லை. அந்தத் தண்ணீரிலும் நிலத்திலும் அவளுக்குப் பங்கு வரவில்லை. விலை மட்டும் அவள் தலையில் வந்து விழுந்தது. பாரதிராஜாவின் 'கருத்தம்மா' 1994இல் இந்தக் கொடுமையைக் கதையாக்கிற்று. நம்மில் பலர் கொட்டகையில் உட்கார்ந்து அழுதோம். அழுதுவிட்டு வந்து என்ன செய்தோம் என்பதைப் பிறகு பேசுவோம்.

1991ஆம் ஆண்டுக் கணக்கில் பெண் குழந்தைகள் மிகக் குறைவாக இருந்த மாவட்டங்களில் ஒன்றாகச் சேலம் வந்து நின்றது. 1992இல் சர்க்கார் அங்கே தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தது. கொல்லாதே, இங்கே போட்டுவிட்டுப் போ என்று தொட்டில் கட்டிற்று. அதிலே உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு. அதை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். தர்மபுரியிலும் சேலத்திலும் 2011இல் கணக்கு உயர்ந்தது. ஆனால் அதே ஆண்டில் கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழே போயின. ஓர் இடத்தில் அமுக்கினால் இன்னோர் இடத்தில் வீங்குகிறது. கொங்கு நாட்டிலே தோட்டமும் கிணறும் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பெண் தேடிப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போன செய்தியையும் பத்திரிகையில் படித்தோம். ஹரியானா அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு இதிலே இன்னும் நேரான சம்பந்தம் உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவிற்று. பெயரைப் பாருங்கள்! பதினைந்து பதினாறு வயதுப் பெண்களைத் தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஏஜெண்ட் அழைத்து வருவான். மூன்று வருஷ ஒப்பந்தம். ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியே போக அனுமதி கிடையாது. தினக்கூலி கொஞ்சம், முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு மொத்தத் தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவிலே உடம்பு கெட்டு வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை போயிற்று. அவள் கூலியைத்தான் பிடித்து வைத்திருந்து, அவளுக்கே தானம் செய்வதுபோலக் கொடுத்தார்கள். நிரந்தரத் தொழிலாளி நின்ற ரிங் பிரேமில் இந்தக் குழந்தைகள் வந்து நின்றார்கள். தொழிற்சங்கம் நெருங்க முடியவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் பல ஆலைகள் போர்டை மாற்றி வேறு பெயர் வைத்துக்கொண்டன.

இதையும் அந்தப் பால் அண்டாவையும் சேர்த்துப் பாருங்கள். எந்த வரதட்சணைக்குப் பயந்து ஒரு தகப்பன் பிறந்த பெண்ணைக் கொல்லுகிறானோ, அதே வரதட்சணைதான் உயிரோடு விட்ட பெண்ணை மலிவுக் கூலியாக ஆலை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. மாப்பிள்ளை வீடு கேட்கிற நகை, முதலாளிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது. நம் கூலியை இறக்குவதற்கு நம் வீட்டுச் சீர்வரிசையே கருவியாகிவிட்டது.

படத்துக்குத் திரும்புவோம். குறைகளையும் சொல்லவேண்டும். கல்கி பேசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அடி வாங்குகிறாள், அழுகிறாள், கட்டுண்டு கிடக்கிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை அவளுக்கு எழுத இயக்குநருக்கு மனம் வரவில்லை. அடுத்து, பண்ணையாரும் மிருகம், கூலிக்காரனும் மிருகம் என்று இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார். தாழ்த்தப்பட்ட மக்களிலும் பெண்ணை வதைப்பவன் உண்டு என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் படத்திலே அவர்களுக்குப் பசி கிடையாது, உழைப்பு கிடையாது, பழி ஒன்றுதான் உண்டு. பண்ணையாரை எதிர்க்க நினைக்கும் ஒருவனும் அந்தச் சேரியில் இல்லையா? ஹரியானாவிலேயே சாதிப் பஞ்சாயத்தின் கட்டளையை மீறித் தெருவுக்கு வந்த பெண்கள் உண்டு. முக்காட்டை விலக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்கள் உண்டு. படம் எடுத்தவர் அவர்களைக் காணவில்லை. பயமுறுத்தத் தெரிந்திருக்கிறது, அதற்கு மேலே போகவில்லை.

ஆனாலும் ஒரு காரியத்துக்கு அவருக்கு நன்றி சொல்வோம். அவர் நமக்கும் தப்பிக்க இடம் வைக்கவில்லை. சரி, நம்மைப் பற்றிப் பேசுவோம் என்றோமே, பேசுவோம். மில்லில் நிரந்தரத் தொழிலாளி என்றால் மாப்பிள்ளைக்கு ஒரு விலை, பதிலி என்றால் ஒரு விலை என்று நம் குடியிருப்புகளில் பேசுவதில்லையா? போனஸுக்குக் கொடி பிடித்த கை, பிள்ளை கல்யாணத்தில் தாம்பூலத் தட்டிலிருந்து பணத்தை எடுக்கிறபோது கூசியதா? பெரியாஸ்பத்திரியில் மூன்றாவதும் பெண் என்று கேட்டதும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போய் நின்றோமே, அந்தத் தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளே, அது யாருக்காக? அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்று நம் வீட்டு அடுப்படியிலும் கணக்கு உண்டு. முதலாளி சொல்லிக் கொடுத்தான் என்று இதற்கெல்லாம் அவன் மேலே பழி போட்டுவிட்டு நாம் தூங்கப் போக முடியாது.

தமிழ்நாட்டில் 1989இலும், தேசம் முழுவதற்கும் 2005இலும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. நம்மில் பலருக்குச் சொத்தே கிடையாது, சரிதான். ஆனால் மூன்று சென்ட் மனைப் பட்டா வந்தால் அது யார் பெயரில் எழுதப்படுகிறது? சீட்டுப் போட்டு எடுத்த பணம் மகள் படிப்புக்குப் போகிறதா, மகள் கழுத்துக்குப் போகிறதா?

படத்தின் கடைசியில் மாட்டுக் கொட்டிலில் கல்கிக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. வெளியே ஆண்கள் வெட்டுண்டு கிடக்கிறார்கள். பிறந்தது பெண். அவளைக் கையில் எடுத்து வளர்க்க ஊரில் யார் மிச்சம் என்று காட்டாமலே படம் முடிந்துவிடுகிறது.

படம் கிடைத்தால் சங்க அலுவலகத்தில் போட்டுப் பாருங்கள். சில காட்சிகள் கடுமையானவை. சிறு பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். பெண்களை வீட்டில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போகவும் வேண்டாம். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். தை மாதத்துக்கு எத்தனை வீட்டில் சம்பந்தம் பேசி வைத்திருக்கிறோம், எவ்வளவு பவுன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்ற கணக்கையும் அன்றைக்கே, அந்த இடத்திலேயே எடுத்துப் பேசுங்கள்.